சந்தோஷம் என்று எழுதாதே

கேகாலை,
பினர முழுநிலாப் போயாவுக்கு மறுநாள்.

அன்பு மகள் பத்மகாந்திக்கு,

புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் காவல் உனக்கு எப்போதும் இருக்கட்டும் என்று விளக்கேற்றி வைத்துவிட்டுத்தான் இதைச் சொல்லத் தொடங்குகிறேன். அடுத்த வரியில் நாங்கள் இங்கே நலம் என்று வரவேண்டும். உதேனி பேனாவைத் திறந்ததுமே பழக்கத்தில் அதை எழுதப் போனாள், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். எனக்குக் காய்ச்சல், தலைவலி ஒன்றும் கிடையாது, விடிந்ததும் றப்பர் வெட்டப் போகிறேன், மத்தியானம் சோறு சாப்பிடுகிறேன், ஆனாலும் நலம் என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. ஏன் பயம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்து யோசிப்பாய். இதுவரை உனக்கு வந்த கடிதங்களெல்லாம் தங்கச்சி எழுதியவை, நான் அடுப்படியிலிருந்து சொல்லச் சொல்ல அவள் நடுவில் தன்பாட்டுக்கு இரண்டு பகிடியும் சேர்த்து எழுதிவிடுவாள். அவள் போனபிறகு வந்த இரண்டும் தபாற்கந்தோர் ஐயா எழுதிக் கொடுத்தவை. அவருக்கு நான்கு வரிக்கு மேல் பொறுமை இல்லை, எனக்கும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறவள் உதேனி, தங்கச்சியோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள், பள்ளிக்கூட அலுமாரியில் இருக்கும் புத்தகங்களை எல்லாம் வாசித்து முடித்துவிட்டு இப்போது சாமான் சுற்றிவந்த பழைய பத்திரிகைக் கடுதாசியையும் விடாமல் வாசிக்கிற பிள்ளை. நான் சொல்வதைக் கொஞ்சம் அழகாக்கித்தான் எழுதுவாள், பொறுத்துக்கொள். நீ தங்கச்சிக்கென்று அனுப்பிய சிவப்புக் கம்பளிச் சட்டை அவள் மலைக்குப் போனபிறகுதான் வந்து சேர்ந்தது. உதேனியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன், அவள் தொடவே இல்லை. அதனால் நானே போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறேன். கை மட்டும் கட்டை. றப்பர் பால் பட்டு ஒரு பக்கம் கறுத்துவிட்டது, கோபிக்காதே. பலா இந்த முறை நிறையக் காய்த்தது, தின்ன ஆளில்லாமல் பாதியை அணில்தான் தின்றது.

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. பாலத்தடி நெலும் லீவில் வந்திருக்கிறாள், வியாழக்கிழமை திரும்பி பெய்ரூத்துக்குப் போகிறாள், அவள் கையில்தான் கொடுத்துவிடுகிறேன். உனக்கு வரும் கடிதங்களை நீ வேலை செய்கிற வீட்டு மேடம் முதலில் வாங்கி யாரையாவது வைத்துப் படித்துக் கேட்டபிறகுதான் தருவாள் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய், அதனால்தான். நெலும் உன்னைத் தேவாலய வாசலில் ஒருநாள் கண்டதாகச் சொன்னாள். பாதி ஆளாகிவிட்டாய் என்றாள். முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு, இஸ்திரிப்பெட்டி சுட்டதுபோல இருந்தது, என்ன என்று கேட்டதற்கு நீ சட்டையை இழுத்து மூடிக்கொண்டு, "ஒண்டும் இல்லை, நான் சரியான சந்தோஷமா இருக்கிறன் எண்டு அம்மாட்டச் சொல்லு" என்று சொன்னாயாம். நெலும் அதை நல்ல செய்தி என்று நினைத்துத்தான் வந்து சொன்னாள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்துவிட்டது. ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. உனக்கு விளங்கவேண்டும்.

தங்கச்சிக்கு எப்படி நடந்தது, மறைக்காமல் சொல்லுங்கள் என்று ஊருக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீ சொல்லி அனுப்பிக் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் தட்டிக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஸ்ரீபாத மலை ஏறும்போது மூச்சிழுப்பு வந்தது என்று மட்டும்தான் அங்கே திரும்பிப் போனவர்கள் வாயால் உனக்குச் சொல்லி அனுப்பினேன். அங்கே இருந்தவள் உதேனி, நான் இல்லை. அதனால் இந்த இடத்தை அவள் சொல்லிலேயே எழுதச் சொல்கிறேன்.

பத்மா அக்கா, நான் உதேனி எழுதுகிறேன். நாங்கள் இருட்டோடு புறப்பட்டோம். மலைக்கு முன்னால் பார்க்க வேண்டிய இடங்கள் என்று இரண்டு அருவி, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, ஓர் அணைக்கட்டு, ஒரு விகாரை எல்லாம் இருந்தன. பஸ் நிற்கும் இடமெல்லாம் எங்கள் உடற்பயிற்சி மாஸ்டர் ஜயகொடி சேர் கையைத் தட்டி, "கெதியா, கெதியா, பாத்தது போதும், ஏறுங்கோ" என்பார். அருவியைப் பார்த்ததைவிட அருவியைப் பார்க்க ஓடியதுதான் ஞாபகம் இருக்கிறது. வளைவுகளில் பாதிப்பேர் வாந்தி, மத்தியானச் சோற்றுப் பொதியை யாரும் முழுதாகச் சாப்பிடவில்லை. மலையடிவாரத்து நல்லதண்ணியில் இறங்கியபோதே நாங்கள் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் மாதிரி இருந்தோம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவராக வந்தவர் பியதாச மாமா, வருஷம் தவறாமல் மலை ஏறுகிறவர். அவர் பஸ் படியில் நின்று, பைகளை உள்ளேயே விடச் சொன்னார், பூவும் வெள்ளைத் துணியும் மட்டும் போதும் என்றார். பிறகு, "பிள்ளைகளே, மலையில மூண்டு சொல் வாயில வரப்படாது. ஏலாது, களைப்பு, இன்னும் எவ்வளவு தூரம். தூரம் கேட்டா மலை நீளும். சொன்னவனுக்கும் ஆகாது, கூட வந்தவனுக்கும் ஆகாது" என்றார். எங்கள் எல்லார் வீட்டிலும் சொல்லி அனுப்பியதும் அதுதான், நாங்கள் தலையாட்டினோம். உங்கள் தங்கச்சி இனோகாவின் இழுப்பு மாத்திரை அவள் பையின் பக்கப் பொக்கற்றில் இருந்தது. பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். "பரவாயில்ல, இறங்கி வந்து போடுவம்" என்றாள்.

நாங்கள் பெண்பிள்ளைகள் எல்லாரும் 'கோடு', அதாவது முதல் தடவை ஏறுகிறவர்கள், அதனால் சீத கங்குல ஓடையில் தலை நனைக்காமல் மேலே விடமாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பல்லைக் கடித்தது. வழக்கப்படி ஊசியில் நூல் கோத்துப் போடும் இடத்தைத் தாண்டியதும் பின்னால் ஒரு பையன், "ஐயோ, கால்" என்று கத்திவிட்டான். பியதாச மாமா திரும்பி, "என்னடா கால்?" என்று முறைத்தார். அவன் உடனே, "கால் ரெண்டும் சந்தோஷமா இருக்கு மாமா!" என்றான். எல்லாரும் சிரித்தோம், மாமாவும் சிரித்தார். அதற்குப் பிறகு அதுதான் எங்கள் சொல். "எனக்கு முழங்கால் வரைக்கும் சந்தோஷம்." "எனக்கு இடுப்பு வரைக்கும்." "மிஸ், உங்களுக்கு?" "எனக்கு எப்பவோ சந்தோஷம் தலைக்கு ஏறிட்டுது, நடவுங்கோ." இப்படியே கேலி பண்ணிக்கொண்டு ஏறினோம். இனோகா, "உதேனி, எனக்குச் சரியான சந்தோஷம்" என்றாள். நான், "எனக்கும்தான்" என்றேன். கொஞ்சத் தூரம் போய் இன்னொரு தரம், "மெத்தச் சந்தோஷம் உதேனி" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள் அக்கா. அவள் உதடு நீலமாக இருந்தது. மூச்சுத் திணறினால் உதடு நீலமாகும் என்று புத்தகத்தில் வாசித்திருக்கிறேன், ஆனால் அந்த நீலம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, குளிர்ந்த தண்ணீரில் குளித்ததால் என்று நினைத்தேன். இளைப்பாறும் கொட்டிலில் உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஜயகொடி சேர் கையைத் தட்டிக்கொண்டு வந்தார், அவளைப் பார்த்தார், தட்டுவது நின்றது. அவளை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு படியில் கீழே ஓடினார். ஏறி வந்தவர்கள், கும்பிட்டுவிட்டு வரும் பிள்ளை தூங்கிவிட்டது என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டு, இறங்குகிறவர்களுக்குக் கருணை வேண்டிச் சொல்வதுபோல "கருணாவயி, கருணாவயி" என்று சொன்னார்கள். சேரும் ஒவ்வொருவருக்கும் பதிலுக்கு "கருணாவயி" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அந்தக் குரல் கீழே கீழே போய்க் கேட்காமல் போனதுதான் எனக்குக் கடைசியாகத் தெரிந்தது.

இதற்கு மேல் பிள்ளையை எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இனி நானே சொல்கிறேன். மஸ்கெலிய ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊர் கதைத்தது இன்னொரு சாவு. "தீட்டோட ஏறியிருப்பாள், இல்லாட்டி மலையைக் காக்கிற சமன் தெய்யோ இப்பிடிச் செய்யாது" என்று கடைவாசலில் வைத்துச் சொன்னார்கள், நான் பக்கத்தில் சீனி வாங்க நிற்கிறேன் என்று தெரிந்தே சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும், உதேனிக்கும் தெரியும். ஆனால் அதை எந்தச் சந்தியில் நின்று யாரிடம் சொல்வது. செத்துப்போன பிள்ளைக்காக இதையும் ஒரு தாய் வாதாட வேண்டுமா. சீனியை வாங்காமலே வந்துவிட்டேன். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை மகளே, நாமும் அப்படித்தான் வளர்ந்தோம். நீ பத்தாம் வகுப்பில் மலைக்குப் போனபோது கால் பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் காய்ந்து சப்பாத்தோடு ஒட்டியிருந்தது, வீட்டு வாசலுக்கு வரும்வரை வாய் திறக்கவில்லை. என்ன பொறுமையான பிள்ளை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உன் அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தப் பொறுமைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவளுக்காக மூன்று மாதத் தானம் கொடுத்து முடிந்த பிறகு பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். இனிச் சுற்றுலாவே வேண்டாம், அடியோடு நிறுத்திவிடுவோம் என்றார் அதிபர். சிலர் சரி என்றார்கள், சிலர் டொக்டரிடம் துண்டு எழுதி வாங்கி வரச் சொல்லலாம் என்றார்கள், ஒருவர் பஸ்சில் பாட்டுப் போடுவதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று அதையே பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கேட்டார்கள். சுற்றுலா இல்லை என்றதும் அந்த முகங்கள் வாடியதை நான் பார்த்தேன். தங்கச்சியும் அந்தச் சுற்றுலாவுக்காக எத்தனை நாள் முன்னமே சட்டையை மடித்து வைத்திருந்தாள். நான் எழும்பி, நிறுத்தவேண்டாம் என்றேன். நான் சொல்லுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. என் பிள்ளையைச் சாட்டி மற்றப் பிள்ளைகளை வீட்டில் அடைத்தால் அவளை எல்லாரும் வெறுப்பார்கள், அதை எனக்குத் தாங்க முடியாது என்றேன். பிறகு ஒவ்வொன்றாகப் பேச்சு வந்தது. ஒரு நாளில் இத்தனை இடம் ஓடவேண்டாம், ஒன்றை ஆறுதலாகப் பார்க்கட்டும். அவரவர் பை அவரவர் தோளில் இருக்கட்டும். மெதுவாக நடக்கிற பிள்ளையைப் பின்னால் விட்டுக் கையைத் தட்டாமல், முன்னால் விட்டு மற்றவர்கள் அதன் பின்னால் நடக்கட்டும். இழுப்புக்காரப் பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், முகம் கழுவினால் போதும்.

அப்போதுதான் உதேனி வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் செய்தாலும் பிள்ளை வாய் திறக்காவிட்டால் என்ன செய்வது, சொல்வதற்குப் பாவமில்லாத ஒரு சொல் வேண்டும் என்றாள். பியதாச மாமா, "மலைக்கெண்டு ஒரு பாஷை இருக்கு பிள்ளை, அதை மாத்தினா நீங்கள்தான் அனுபவிப்பீங்கள்" என்றார். இவள் சொன்னாள், "மாத்தாமலே அனுபவிச்சிட்டம் மாமா." ஒருவர் பின்னால் இருந்து, "அப்ப என்ன சொல்லுறது, கோழி மாதிரிக் கொக்கரிக்கிறதோ?" என்று கேட்டார், சபை சிரித்தது. ஜயகொடி சேர் அன்றைக்குக் கடைசி வாங்கில் இருந்தார். அவர் இப்போதெல்லாம் கையே தட்டுவதில்லையாம், உடற்பயிற்சி வகுப்பில்கூட விசில்தான். சிரிப்பைக் கேட்டு எழும்பினார், ஏதோ சொல்லப்போனார், வாய் திறந்தது, "இனோகா" என்று மட்டும் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், "அதையே சொல்லட்டும், பிள்ளையிட பேரைச் சொன்னா ஒரு தெய்வமும் கோபிக்காது" என்றேன். பியதாச மாமா கூரையைப் பார்த்துவிட்டு, "பேர்தானே, பேருக்குத் தடை இல்லை" என்றார். ஏலாதவர்கள் அந்தப் பேரைச் சொல்லவேண்டும், சொன்னால் ஏன் என்று கேட்காமல் எல்லாரும் உட்கார்ந்துவிட வேண்டும், அப்படித்தான் முடிவானது.

நிகினி மாதம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சீகிரியாப் பாறைக்குப் போனார்கள். பாதி ஏறி, சிங்கத்தின் பாதம் இருக்கிற இடத்தில், ஆறாம் வகுப்புச் சின்னப் பையன் ஒருவன் மேலே போகும் இரும்புப் படியைப் பார்த்துவிட்டு யாருக்கும் கேட்காத குரலில், "இனோகா" என்றானாம். முன்னால் நின்ற பிள்ளை உட்கார்ந்தது, அதைப் பார்த்துப் பக்கத்தில் நின்றது உட்கார்ந்தது, கடைசியில் பள்ளிக்கூடம் முழுதும் வெயிலில் சப்பணம் கொட்டி உட்கார்ந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் சிலர் ஏதோ பூசை என்று நினைத்துப் படம் பிடித்தார்களாம். ஜயகொடி சேரும் உட்கார்ந்தார், பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. பையன் தண்ணீர் குடித்துவிட்டு, "எனக்கு உயரம் பயம் சேர், களைப்பு இல்லை" என்றான், அவனோடு இரண்டுபேர் கீழே தங்கினார்கள், மற்றவர்கள் ஏறிவிட்டு வந்தார்கள், ஒருவரும் அவனைக் கேலி பண்ணவில்லை. உதேனி வந்து இதைச் சொன்ன அன்றைக்கு நான் அடுப்பில் சோறு கருகுவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் மகளே, பிள்ளைகள் பிள்ளைகள்தானே. போன கிழமை றப்பர் பால் வாளியோடு பள்ளிக்கூட மதிலோரமாக வருகிறேன், உள்ளே கணக்குப் பாடம். "மிஸ், இனோகா! எனக்கு இனோகா மிஸ்!" என்று ஒரு பையன் கத்துகிறான், வகுப்பு சிரிக்கிறது. நான் வாளியைக் கீழே வைத்தேன். ஒருதரம்கூட ஏலாது என்று சொல்லாமல் போன என் பிள்ளையின் பெயருக்கு இப்போது ஏலாது என்று அர்த்தம். நாளைக்கு அவள் முகம் எல்லாருக்கும் மறந்துபோகும், அவள் எப்படிச் சிரிப்பாள் என்று மறந்துபோகும், இந்த அர்த்தம் மட்டும் நிற்கும். நான்தானே கொடுத்தேன், யாரை நோவது. மிஸ் ஜன்னலால் என்னைக் கண்டு ஓடிவந்து, "அம்மா, மன்னியுங்கோ, அவனை இப்பவே வெளியில நிப்பாட்டுறன்" என்றா. நான் வேண்டாம் என்றேன். "கூப்பிடட்டும் மிஸ், வீட்டில அந்தப் பேரைக் கூப்பிட ஆள் இல்லை" என்றேன். அவ அழுதுவிட்டா. வாளியைத் தூக்கிக்கொண்டு நான் வந்துவிட்டேன், பால் கட்டிபட்டுப் போகுமே.

இப்போது உனக்கு வருகிறேன். உன் கடிதங்களை உதேனியைக் கொண்டு முதலிலிருந்து ஒருமுறை வாசிப்பித்தேன். முதல் வருஷம் நீ கடலைப் பற்றி எழுதினாய், மேடத்தின் சின்ன மகன் உன் பெயரைத் தப்பாகச் சொல்வதைப் பற்றி எழுதினாய், ரொட்டி காய்ந்துபோய் இருக்கிறது என்று குறைகூட எழுதினாய். இந்த வருஷக் கடிதங்களில் கடல் இல்லை, பையன் இல்லை, ரொட்டி இல்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன் அம்மா, மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன். அவ்வளவுதான் இருக்கிறது. வாசித்துக்கொண்டே வந்த உதேனி இந்த வருஷத்து இரண்டாவது கடிதத்திலேயே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மிச்சத்தையும் வாசி என்றேன்.

சந்தோஷம் என்று இனி எனக்கு எழுதாதே. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தால் கடலைப் பற்றி எழுது, ரொட்டியைத் திட்டி எழுது, எனக்கு விளங்கிவிடும். ஏலாமல் இருந்தால் அதையும் எழுதவேண்டாம், மேடம் யாரையாவது வைத்துப் படித்துக் கேட்பாள். கடிதத்தில் எங்கேயாவது தங்கச்சியின் பெயரை எழுது. இனோகா எப்படி இருக்கிறாள் என்று கேள், இனோகாவுக்கு என் அன்பு என்று போடு, அது போதும். தங்கச்சியை விசாரிக்கிறாய் என்று நினைப்பார்கள், அவள் செத்ததை நாம் கடிதத்தில் எழுதவே இல்லை, அங்கே ஒருவருக்கும் தெரியாதுதானே. அந்தப் பெயர் வந்த அன்றைக்கே, அம்மா சாகக் கிடக்கிறாள், உடனே அனுப்புங்கள் என்று தந்தி அடிப்பேன், கிராம சேவகரிடமும் ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்து அனுப்புவேன். அந்தத் தந்தி வந்தால் மேடத்துக்கு முன்னால் நன்றாக அழு, ஆனால் உள்ளுக்குள் பயப்படாதே, நான் கல்லுப்போல இருப்பேன். ஏன் வந்தாள், என்ன கொண்டுவந்தாள் என்று ஊர் கேட்கும். கேட்கட்டும், அவர்கள் கேட்காத கேள்வியா. நான் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டேன். சீகிரியாவில் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்ததுபோல உன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தத் தழும்புக்குத் தேங்காயெண்ணெய் தடவு, நெலுமிடம் ஒரு சின்னப் போத்தல் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு, வைத்திருக்காதே. பெயரை மட்டும் மறக்காதே. சமன் தெய்யோவும் மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும், என் ஆயுசில் மிச்சம் இருப்பதெல்லாம் உனக்கு வரட்டும்.

உன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும் அம்மா,
டிங்கிரிமெனிகே

பி.கு. மேலே உள்ள கையெழுத்து அம்மாவே போட்டது அக்கா. இனோகா பழக்கிவிட்டது என்று சொல்லச் சொன்னா. கோணலாக இருந்தாலும் அதைத் திருத்தக்கூடாது என்றும் சொன்னா. — உதேனி